வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்!

எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் வளரிளம் பருவத்தைப் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. பையனுக்குக் குரல் உடைவது ஏன், பெண்ணுக்கு மாதவிலக்கு வருவது ஏன், முகத்தில் பரு முளைப்பது ஏன் என்ற சங்கதிகளையெல்லாம் அதில் சிறிதும் ஆபாசமின்றி, சொல்லப்போனால் சிறிதும் ருசியுமின்றி, எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த விஷயம் வரும்போதெல்லாம் பல வருஷ காலம் நாம் ஒரே முறையைத்தான் அநுசரித்து வந்தோம். புத்தகத்தை மூடுவோம். தொண்டையைக் கனைத்துக் கொள்வோம். “இது எளிய பாடம்; வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு, ஒளியும் ஒலியும் என்ற அடுத்த பாடத்துக்குத் தாவி விடுவோம். கடைசி பெஞ்சியில் ஒரு சிரிப்பு கிளம்பும். அதைக் காதில் வாங்காதவர் போல் கரும்பலகையின் பக்கம் திரும்பிக் கொள்வோம்.

வீட்டில் படித்துக்கொண்டார்களா என்று கேட்கிறீர்களா? வீட்டில் பிள்ளை அந்தப் பக்கத்தைத் திறந்தால் தகப்பனார், “இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பார்கள்” என்பார். பள்ளிக்கூடம் வீட்டைக் காட்ட, வீடு பள்ளிக்கூடத்தைக் காட்ட, நடுவில் நின்ற பிள்ளை தெருவைப் பார்த்தான். தெரு அவனைக் கைவிடவில்லை.

நாம் இந்தக் கட்டுரையை எழுத நேர்ந்ததற்கு அப்படித் தெருவைப் பார்த்த ஒரு பையன்தான் காரணம்.

மாணவன் கண்ட வியாதி

பத்தாம் வகுப்பில் இருந்தான். கணக்கில் கெட்டிக்காரன். அரையாண்டுப் பரீட்சைக்கு முன்பு திடீரென்று வாடத் தொடங்கினான். விளையாட மாட்டான், யாருடனும் பேச மாட்டான், எந்நேரமும் எதையோ எண்ணி ஏங்குகிறவன் போல் இருப்பான். ஒரு நாள் அவன் தாயார் கண்ணீருடன் வந்து, தம் காதுத் தோடு காணாமற் போனதாகவும், பையனைக் கேட்டால் பேச மறுப்பதாகவும் சொன்னார். மாலையில் அவனைத் தனியே அழைத்து உட்கார வைத்தோம். வெகு நேரம் தலை நிமிரவில்லை.

“என்ன தம்பி, உடம்புக்கு என்ன?” என்று கேட்டோம்.

“சார், எனக்கு வியாதி சார். இன்னும் ரெண்டு வருஷம்தான் இருப்பேன்” என்றான்.

விஷயம் இதுதான்: தூக்கத்தில் அவனுக்கு விந்து வெளியேறியிருக்கிறது. அது என்னவென்று அவனுக்குத் தெரியாது. யாரைக் கேட்பது என்றும் தெரியாது. பஸ் நிலையத்துச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ் ஒன்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஊருக்கு மாதம் ஒரு முறை வந்து லாட்ஜில் தங்கும் ‘வைத்தியர்’ ஒருவர், ஒரு சொட்டு விந்து நாற்பது சொட்டு ரத்தத்துக்குச் சமம் என்றும், இப்படியே போனால் நரம்பு தளர்ந்து ஆயுள் குறையும் என்றும் சொல்லி, ஒரு டப்பா லேகியத்தைக் கொடுத்திருக்கிறார். அம்மாவின் தோடு அடகுக் கடைக்கும், பணம் லாட்ஜுக்கும் போயிற்று.

ஆண் பிள்ளை வளர்ந்து வருகையில் தூக்கத்தில் விந்து வெளியேறுவது பசியும் தூக்கமும் போல் இயற்கை. அதனால் ரத்தமும் குறையாது, ஆயுளும் குறையாது. கைப்பழக்கத்தைப் பற்றிச் சொல்லும் பயங்கரங்களும் அப்படியே ஆதாரமற்றவை. இவ்வளவையும் சொல்லி முடிக்க நமக்கு இரண்டு நிமிஷம் பிடித்தது. பையன் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவன் கேட்ட கேள்வி இன்னும் நம் காதில் ஒலிக்கிறது:

“இதை ஏன் சார் எட்டாவதிலேயே சொல்லலை?”

நாம்தான் அவனுக்கு எட்டாம் வகுப்பில் அறிவியல் ஆசிரியர். “வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்” என்றவர் நாம்தான்.

இது ஒரு பையனின் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. விந்து கழிந்தால் பலம் போகும் என்ற பீதியினால் உடலும் மனமும் தளரும் நிலைக்கு ‘தாது நோய்’ என்றே மனநல வைத்தியர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். 1960ல் டாக்டர் என். என். விக் என்ற இந்திய மனநல நிபுணர் இதை இனங்கண்டு எழுதினார். இப்படிப்பட்ட மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954லேயே நம் நாட்டில் சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்து எழுபது வருஷத்துக்கு மேலாகியும் லேகியம் விற்கிறதென்றால், குற்றம் லேகியக்காரர் ஒருவருடையது மட்டுமா? நாம் காலியாக விட்ட நாற்காலியில் அவர் வந்து உட்கார்ந்து கொண்டார். இன்று அவருக்கும் போட்டியாகச் செல்போன் வந்திருக்கிறது. அது காட்டும் ஆபாசப் படங்களில் அன்பு கிடையாது, சம்மதம் கேட்பது கிடையாது, மறுநாள் காலை என்பதும் கிடையாது. அதுவே ஆண் பெண் உறவு என்று நம் பிள்ளைகள் பாடம் கற்றுக்கொள்கிறார்கள்.

பண்பாடு என்ற தடை

“பாலியல் கல்வியா? அது மேல்நாட்டுச் சரக்கு, நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது” என்று சொல்லும் அன்பர்கள் பலர் உண்டு. தேசப் பற்றினால் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் நம் பண்பாட்டைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டாமா?

திருவள்ளுவர் அறமும் பொருளும் சொன்னதோடு நின்றுவிடவில்லை. காமத்துப்பாலென்று இருபத்தைந்து அதிகாரங்கள், இருநூற்றைம்பது குறள்கள் பாடினார். பள்ளிகளில் திருக்குறளைப் பயிற்ற வேண்டுமென்று சென்னை ஹைக்கோர்ட்டு 2016ல் உத்தரவிட்டபோது, அதில் குறிப்பிட்டவை அறத்துப்பாலும் பொருட்பாலுமான 108 அதிகாரங்கள். நூற்று முப்பத்து மூன்றில் இருபத்தைந்து போக மீதி. வள்ளுவருக்கே வகுப்பறையில் ஒரு பகுதி வெளியே நிற்க நேர்ந்தால், நம் போன்றவர் கதி என்ன!

சங்கப் பாட்டை அகம், புறம் என்று இரண்டாகப் பகுத்து, ஆண் பெண் உறவுக்கே ஒரு பாதியை ஒதுக்கி வைத்தவர்கள் நம் முன்னோர். ஆண்மை திரிந்தவர்களை எந்தச் சொல் முடிபால் குறிப்பது என்பதற்குத் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலிலேயே விதி இருக்கிறது. இலக்கணம் இடம் கொடுத்தவர்களுக்கு நாம் பெஞ்சியில் இடம் கொடுக்கத் தயங்குகிறோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெண் பெரியவளானால் நாம் ரகசியமாகவா வைத்துக்கொள்கிறோம்? பந்தல் போடுகிறோம், ஒலிபெருக்கி வைக்கிறோம், குழந்தையின் படத்துடன் ஆளுயரப் பதாகை கட்டி ஊருக்கே அறிவிக்கிறோம். பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாயார் நம்மிடம் சொன்னார்: “சார், மைக் செட் வச்சு ஊருக்கெல்லாம் சொன்னோம். உனக்கு என்ன ஆச்சுன்னு அவகிட்ட மட்டும் ஒருத்தரும் சொல்லலை. மூணு நாள் அழுதுகிட்டே இருந்தா.” இதைவிடச் சுருக்கமாக நம் நிலைமையை யாரும் சொல்லிவிட முடியாது.

இந்தியப் பெண் குழந்தைகளிடையே மாதவிலக்கைப் பற்றி நடந்த 138 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2016ல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. அவற்றில் கலந்துகொண்டவர்கள் சுமார் 97,000 பேர். முதல் மாதவிலக்கு வருவதற்கு முன்பே அதைப் பற்றி அறிந்திருந்தவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர்தான் என்று அந்தத் தொகுப்பு தெரிவிக்கிறது. மற்றப் பாதிப் பேர் ரத்தத்தைக் கண்டபோது என்ன நினைத்திருப்பார்கள் என்பதை அந்தத் தாயாரின் வாக்கைக்கொண்டு ஊகித்துக் கொள்ளலாம்.

மகாத்மா காந்தி இவ்விஷயத்தில் எவ்வளவு கடுமையான நோன்பு பூண்டவர் என்பது உலகமறிந்தது. செயற்கை முறைக் கர்ப்பத் தடையை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. அப்படிப்பட்டவரே, உறுப்புகளின் இயல்பையும் பயனையும் இளம் மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியது அவசியம் என்று 1936ல் ‘ஹரிஜன்’ பத்திரிகையில் எழுதினார். மனத்தை அடக்கும் வழியைக் கற்பிப்பதே அதன் லட்சியமாக இருக்க வேண்டுமென்பது அவர் கட்சி. லட்சியத்தில் அவரோடு மாறுபடுவோர் இருக்கலாம். ஆனால் மௌனமே மருந்து என்று அவரும் சொல்லவில்லை.

பதவி இழந்த ஒரு பேராசிரியர்

நம் தொழிலைச் சேர்ந்த ஒருவரை இங்கே நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. விதவைகளின் கல்விக்கு உழைத்த மகரிஷி கார்வேயின் புதல்வர் ரகுநாத் தோண்டோ கார்வே பம்பாயில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். குடும்பக் கட்டுப்பாட்டையும் பாலியல் அறிவையும் பகிரங்கமாகப் பேசியதற்காக அந்த உத்தியோகத்தை விட நேர்ந்தது. அவர் 1927ல் ‘சமாஜ் ஸ்வாஸ்த்ய’ என்ற மராத்திப் பத்திரிகையைத் தொடங்கி, 1953ல் காலமாகும் வரையில் நடத்தினார். அதில் வாசகர்கள் கூச்சத்தால் வேறெங்கும் கேட்க முடியாத கேள்விகளைக் கேட்பார்கள். அவர் பதில் எழுதுவார். அந்தப் பதில்களுக்காக அவர் மேல் வழக்கு வந்தது. 1934ல் அவருக்காகக் கோர்ட்டில் வாதாடியவர் யார் தெரியுமா? டாக்டர் அம்பேத்கர்! கேள்வி கேட்கிறவனுக்கு உண்மையான பதிலைச் சொல்வது ஆபாசமாகாது என்பதே வாதம். வழக்கு தோற்றது. ஆனால் பத்திரிகை நிற்கவில்லை.

சுதந்திர இந்தியாவிலும் இந்த வழக்கு ஓய்ந்தபாடில்லை. 2005ல் மத்திய சர்க்கார் பள்ளிகளில் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டு வந்தது. அதன் படங்களையும் சொற்களையும் ஆட்சேபித்து 2007ல் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் முதலிய மாநிலங்கள் தடை விதித்தன. பள்ளியில் பாலியல் கல்வி கூடாது என்று ராஜ்ய சபையின் மனுக்கள் கமிட்டி 2009ல் அறிக்கை கொடுத்தது. பிறகு காற்று மெல்லத் திரும்பிற்று. 2020ல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ்ப் பள்ளி நலக் கல்வி தொடங்கப்பட்டது. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் வீதம் பயிற்சி கொடுத்து, பதினொரு தலைப்புகளில் பேச வைப்பது அதன் ஏற்பாடு. ஒருவரோடொருவர் பழகும் உறவு, ஆண் பெண் சமத்துவம், இனப்பெருக்க ஆரோக்கியம், வன்முறையிலிருந்து பாதுகாப்பு ஆகியவை அவற்றில் அடக்கம். பாலியல் கல்வி மேல்நாட்டுச் சரக்கு என்பது தவறான எண்ணம் என்றும், பிள்ளைகளுக்கு அது அவசியம் என்றும் சுப்ரீம் கோர்ட்டே 2024 செப்டம்பரில் ஒரு தீர்ப்பில் எடுத்துச் சொல்லிவிட்டது.

சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் 2009ல் இக்கல்விக்கு ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டு, 2018ல் அதைத் திருத்தி அமைத்தது. பல தேசங்களின் அநுபவத்தை ஆராய்ந்து, இக்கல்வி பிள்ளைகளை உறவில் அவசரப்பட வைப்பதில்லை என்று அது தெளிவாகக் கூறுகிறது. ஐந்து வயது முதல் பதினெட்டு வயது வரைக்கும் எட்டுத் தலைப்புகளில் பாடங்களை அது வகுத்திருக்கிறது. முதல் தலைப்பு என்னவென்று பார்த்து நாம் வியப்படைந்தோம். உறுப்புகள் அல்ல; உறவுகள்! குடும்பம், நட்பு, அன்பு, மரியாதை. இதை மேல்நாட்டுச் சரக்கு என்றால், நம் பாட்டிமார் மடியில் உட்கார வைத்துச் சொன்னதெல்லாம் என்ன சரக்கு?

என்ன வயதில் எதைச் சொல்வது?

தாய் தந்தையரின் சந்தேகம் இதுதான்: “சரி, சொல்லுகிறோம், எதைக்கொண்டு சொல்வது?” நமக்குத் தெரிந்த வரையில் சாதனங்களுக்குப் பஞ்சமில்லை.

*சிறு குழந்தைகளுக்கு:* கண், மூக்கு, காது என்று சொல்லிக் கொடுக்கும்போதே மறைவான உறுப்புகளுக்கும் நேரான பெயரைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். “அங்கே”, “அது” என்று மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தை, தனக்கு ஒரு தீங்கு நேர்ந்தால் எதைச் சொல்லி முறையிடும்? மத்திய சர்க்கார் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்து 2007ல் வெளியிட்ட ஆய்வில், 53 சதவிகிதத்துக்கு மேற்பட்டவர்கள் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகக் கூறினார்கள். அவர்களில் பாதிக்கு மேல் பையன்கள்! தொல்லை செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்கு முன்பே அறிமுகமானவர்கள், குழந்தை நம்பியிருந்தவர்கள். ‘அந்நியரிடம் பேசாதே’ என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது எவ்வளவு பேதைமை என்று இதிலிருந்து தெரியவில்லையா? சைல்டுலைன் ஸ்தாபனம் தயாரித்த ‘கோமல்’ என்ற சிறு சித்திரப் படம் இதையே விளக்குகிறது. அதில் வரும் தீயவர் குடும்ப நண்பர்தான். குழந்தைகளின் பாதுகாப்புக்காகவே சென்னையில் ‘துளிர்’ என்ற அமைப்பு 2004 முதல் பணி புரிந்து வருகிறது. 1098 என்ற எண்ணை நம் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டைப் போல் மனப்பாடம் செய்து வைப்பது நல்லது. குழந்தைக்குத் தீங்கு நடந்தது தெரிந்தும் போலீசுக்குத் தெரிவிக்காமலிருப்பது 2012ம் வருஷத்துப் போக்ஸோ சட்டப்படி குற்றம் என்பதைப் பெரியவர்களாகிய நாமும் மனப்பாடம் செய்ய வேண்டும்.

*பத்து முதல் பதினான்கு வரை:* பாடப் புத்தகமே முதல் சாதனம். அதைத் திறந்தால் போதும். அத்துடன் டெல்லியிலுள்ள ‘தார்ஷி’ அமைப்பு இந்த வயதினருக்குச் ‘சிவப்புப் புத்தகம்’ என்றும், பதினைந்துக்கு மேற்பட்டவர்களுக்கு ‘நீலப் புத்தகம்’ என்றும் வெளியிட்டிருக்கிறது. பெற்றோருக்கென்று தனியே ஒரு ‘மஞ்சள் புத்தகம்’ உண்டு. மாதவிலக்கைச் சித்திரக் கதையாகச் சொல்லும் ‘மென்ஸ்ட்ருபீடியா’ பல இந்திய மொழிகளில் வந்திருக்கிறது. பெண் குழந்தைகளுக்கு இலவசமாக அணையாடை வழங்கும் புதுயுகத் திட்டம் தமிழகத்தில் 2011ல் அறிவிக்கப்பட்டது. அந்தப் பொட்டலம் வகுப்பறைக்கு வரும்போது பையன்களை வெளியே அனுப்பிவிடுவது பல இடங்களில் வழக்கம். வெளியே நிற்கிறவன் என்ன கற்கிறான்? ஏதோ வெட்கப்பட வேண்டிய காரியம் உள்ளே நடக்கிறது என்று கற்கிறான். அவனையும் உட்கார வைத்துச் சொல்லிப் பாருங்கள்; சிரிப்பு ஐந்து நிமிஷம் இருக்கும், மரியாதை ஆயுள் முழுவதும் இருக்கும்.

*பதினைந்துக்கு மேல்:* இப்போது உடலைவிட மனத்தைப் பற்றியே பேச்சு வேண்டும். அன்புக்கும் ஆதிக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் என்ன? “நீ அவனோடு பேசாதே, உன் போனைக் காட்டு” என்பது காதலா, காவலா? ஒருத்தி மாட்டேன் என்று சொன்னால் அதை அவமானமாகக் கருதாமல் ஏற்றுக்கொள்வது எப்படி? நம் சினிமாக்களில் கதாநாயகன் பெண்ணை விடாமல் பின்தொடர்ந்தால் கடைசி ரீலில் அவள் சிரித்துவிடுகிறாள். நிஜ வாழ்க்கையில் அது 2013ம் வருஷத்துச் சட்டத் திருத்தத்திலிருந்தே தண்டனைக்குரிய குற்றம். பதினெட்டு வயது நிரம்பாதவரின் சம்மதத்தைச் சட்டம் சம்மதமாக ஏற்பதில்லை என்பதையும் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். இதை அறியாமல் வழக்கில் சிக்கிப் படிப்பையும் வாழ்வையும் தொலைத்த இளைஞர்கள் இருக்கிறார்கள்.

வகுப்பிலுள்ள மற்றவர்கள்

ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்களுக்குள் அடங்காத பிள்ளைகளும் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். நடையைப் பார்த்தும் குரலைக் கேட்டும் மற்றப் பிள்ளைகள் பட்டப் பெயர் வைப்பார்கள். ஆசிரியரும் சிரித்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு மறுநாள் பள்ளிக்கூடம் கிடையாது. பிறப்பில் ஆண் என்று குறிக்கப்பட்டுத் தம்மைப் பெண்ணாக உணர்பவர் திருநங்கை. பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக உணர்பவர் திருநம்பி. தம் பாலினத்தைத் தாமே நிர்ணயித்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டென்று 2014ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. தமிழகத்தில் திருநங்கையர் நல வாரியம் 2008லேயே அமைந்துவிட்டது. ஆனால் இப்பிள்ளைகளைப் பள்ளியில் நடத்தும் முறை பற்றி என்.சி.இ.ஆர்.டி. 2021ல் வெளியிட்ட ஆசிரியர் கையேடு, ஆட்சேபணை கிளம்பியதும் சில நாட்களில் இணையத்திலிருந்து மறைந்தது. கையேடு மறைந்ததே தவிர, பிள்ளைகள் மறைந்துவிடவில்லை.

இதே 2021ல் சென்னை ஹைக்கோர்ட்டில் நடந்த ஒரு சம்பவத்தை ஆசிரியர்களும் பெற்றோர்களும் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவரையொருவர் நேசித்த இரு பெண்கள் பாதுகாப்புக் கேட்டு வழக்குத் தொடர்ந்தார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள், இவ்விஷயத்தைத் தாம் இன்னும் முழுதும் புரிந்துகொள்ளவில்லை என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். தீர்ப்புச் சொல்லுமுன் ஒரு மனநல நிபுணரிடம் சென்று அமர்ந்து தாமே கற்றுக்கொண்டார். பிறகே உத்தரவு எழுதினார். அவ்வழக்கின் பயனாக, இத்தகையோரை மரியாதையுடன் குறிப்பதற்கான தமிழ்ச் சொற்களின் பட்டியல் 2022ல் தமிழ்நாடு அரசிதழிலேயே வெளியாயிற்று. நாட்டின் பெரிய கோர்ட்டு ஒன்றில் நீதிபதியாக அமர்ந்திருப்பவர், ‘எனக்குத் தெரியாது, கற்றுக்கொள்கிறேன்’ என்று சொல்ல வெட்கப்படவில்லை. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

பெட்டியின் கதை

புத்தகம், படம், சட்டம், சொல் எல்லாம் இருக்கின்றன. இல்லாதது ஒன்றுதான்: முகம் சுளிக்காமல், குரலைத் தாழ்த்தாமல் பதில் சொல்லும் ஒரு பெரியவர். அவர் இல்லாவிட்டால் சிவப்புப் புத்தகமும் பீரோவில்தான் இருக்கும். அவர் இருந்துவிட்டால் புத்தகம் வர நாளானாலும் பாதகமில்லை.

தோட்டை அடகு வைத்த பையனின் கேள்விக்குப் பிறகு நாம் செய்த காரியம் மிகச் சிறியது. பழைய அட்டைப் பெட்டி ஒன்றில் துவாரம் போட்டு அலமாரியின் மேல் வைத்தோம். எட்டாம் வகுப்பில் எல்லோரும் ஆளுக்கொரு சீட்டு எழுதிப் போட வேண்டும். பெயர் எழுதக் கூடாது. கேள்வி இல்லாதவர்கள் வெற்றுச் சீட்டைப் போடலாம். அப்படிச் செய்தால்தான், யார் கேட்டார், யார் கேட்கவில்லை என்பது வெளியே தெரியாது. சக ஆசிரியை ஒருவர் துணைக்கு வந்தார். பெண் பிள்ளைகளின் கேள்விகளில் நமக்குத் தெரியாதவற்றுக்கு அவர் பதில் சொன்னார். இருவருக்கும் தெரியாதவற்றை ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மாளிடம் கேட்டு வந்து மறு வாரம் சொன்னோம்.

முதல் தடவை பெட்டியைத் திறந்தபோது நம் கை நடுங்கியது வாஸ்தவம். என்ன விபரீதமெல்லாம் எழுதியிருப்பார்களோ என்று பயந்தோம். “மாதவிலக்கின்போது ஊறுகாயைத் தொட்டால் கெட்டுப்போகுமா?”, “எனக்கு இன்னும் மீசை வரவில்லை, நான் ஆண் பிள்ளைதானா?”, “மாமா மடியில் உட்காரச் சொல்கிறார், மாட்டேன் என்று சொல்லலாமா?” இவையே அங்கிருந்த விபரீதங்கள். மூன்றாவது சீட்டைப் படித்துவிட்டு, சொல்லலாம், கட்டாயம் சொல்லலாம், சொல்லியும் கேட்காவிட்டால் எங்களிடம் வந்து சொல்லலாம் என்று இரண்டு பேருமாக இரண்டு தடவை சொன்னோம். மறுநாள் ஒரு குழந்தை ஆசிரியையைத் தேடி வந்தது. மேலே நடக்க வேண்டியவை சட்டப்படி நடந்தன. அதற்கு மேல் எழுதுவது அக்குழந்தைக்குத் துரோகமாகும். அந்தப் பாடத்தை அந்த வருஷமும் வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மட்டும் இன்னும் சில ராத்திரிகளில் எண்ணிப் பார்க்கிறோம்.

பெற்றோர்களே! நம் தேசம் அந்நியர் ஆட்சியிலிருந்து விடுபட்டு வெகு காலமாகிறது. நம் குழந்தையின் உடம்பு அக்குழந்தையின் சுயராஜ்யம். எல்லையும் பெயரும் தெரியாத ராஜ்யத்தை யாரால் காக்க முடியும்? இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளையின் அறிவியல் புத்தகத்தை வாங்கி அந்தப் பாடத்தைத் திறந்து, பக்கத்தில் உட்காருங்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைச் சேர்ந்து தேடுங்கள்.

சென்ற வருஷக் கடைசியில் பெட்டியைத் திறந்தபோது பெரும்பாலும் வெற்றுச் சீட்டுகளே இருந்தன. ஒன்றில் மட்டும் பென்சிலால் கிறுக்கியிருந்தது: “சார், இதையெல்லாம் எங்க அப்பா அம்மாவுக்கும் சொல்லிக் குடுப்பீங்களா?”

அந்தச் சீட்டுக்கு நாம் எழுதிய பதில்தான் இந்தக் கட்டுரை.